கட்டுவது ஒருவர், காப்பு இன்னொருவருக்கு!

அமெரிக்காவில் விலையில் 20 சதவீதத்துக்கும் குறைவாக முன்பணம் போட்டு, வங்கிக் கடனில் வீடு வாங்கினால் பெரும்பாலும் பிஎம்ஐ என்ற காப்பீடும் சேர்ந்துகொள்ளும். பிரீமியம் கட்டுவது வீட்டுக்காரர். கடன் திரும்பாவிட்டால் நஷ்டஈடு வங்கிக்கு. வேடிக்கைதான், இல்லையா?

அங்கே ஒரு தம்பதி 3 லட்சம் டாலர் வீட்டுக்கு 30,000 போட்டு மீதியைக் கடன் வாங்கினார்கள். பிஎம்ஐ மாதம் 120 டாலர். இப்போது கடன் பாக்கி 2,52,000. அது வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80 சதவீதமாக, அதாவது 2,40,000 ஆகக் குறைந்தால், ஒழுங்காகத் தவணை கட்டியவர்கள் எழுதிக் கேட்டு பிஎம்ஐயை நிறுத்தச் சொல்லலாம். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. கேட்காவிட்டால் 78 சதவீதத்தில் தானாகவே நிற்கும். ஆனால் அந்தத் தேதி பழைய தவணை அட்டவணைப்படிதான். முன்கூட்டிக் கட்டியது அதில் கணக்கில் வராது.

கையில் சேமிப்பு 12,000.

"இன்றே கட்டிவிடலாம். வருடத்துக்கு 1,440 டாலர் மிச்சம்" என்றார் கணவர்.

"என் ஆபீஸில் ஆள் குறைக்கிறார்கள். வேலை போனால் வங்கி அதைத் திருப்பித் தருமா?" என்றார் மனைவி.

அவரிடம் பதில் இல்லை.

சேமிப்பைத் தொடவில்லை. சம்பளம் வரும்வரை மாதம் 600 டாலர் கூடுதலாக அசலில் கட்டுகிறார்கள். வழக்கமாகக் கழியும் அசலோடு சேர்த்தால் ஏறக்குறைய ஒரு வருடத்தில் 80-ஐத் தொட்டுவிடலாம். அன்றே கடிதம் போட வேண்டும்.

அதுவரை 1,440 டாலர் நஷ்டம்தான். ஆனால் பிஎம்ஐ அவர்களுக்குத் தராத பாதுகாப்பு அந்த 12,000-இல் இருக்கிறதே!