அச்சு இயந்திரமும் பதினாலு வரிகளும்

ஏற்காட்டில் டிரைவர் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: சேலத்து அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நம்மை மேலே கொண்டு சேர்ப்பவர். ஆகவே, போன மழைக்காலத்தில் "டிரைவர் ஒண்ணு எழுதிப் பார்க்கிறேன்" என்று நான் சொன்னதற்கு, எங்கள் வங்கிக் கிளையின் கடைநிலை ஊழியர் "டிரைவரைப் பத்திக் கதையா சார்?" என்று கேட்டதில் தவறில்லை. நான் கதை எழுதுகிறவன் அல்ல, விமர்சனம் எழுதுகிறவன் என்று அவருக்கு விளக்கப் போய் அது வேறொரு சங்கடத்தில் முடிந்தது. அது இங்கு வேண்டாம்.

கணினிக்காரர்களின் டிரைவர் வேறு. (கலைச்சொல் ஆக்குகிறவர்கள் 'இயக்கி' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அது எதையும் இயக்குவதில்லை, பேச்சுவார்த்தை நடத்துகிறது.) 1969-ல் பெல் ஆய்வகத்தில் தாம்ஸனும் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது அவர்கள் கைக்கொண்ட எண்ணங்களில் என்னை மிகவும் கவர்ந்தது, சாதனங்களையும் கோப்புகளாகவே பாவிப்பது என்பது. விசைப்பலகை ஒரு கோப்பு, அச்சு இயந்திரம் ஒரு கோப்பு. கோப்பில் எழுதினால் காகிதத்தில் எழுத்து விழும். கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது! ஆனால் இந்த எளிமைக்கு அடியில், ஒவ்வொரு சாதனத்தின் கிறுக்குகளையும் தனித்தனியே தெரிந்து வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் எழுதிய நிரல் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லையென்றால் கோப்பு வெறும் பெயர்தான். லினக்ஸின் பழைய அச்சு டிரைவரில், இயந்திரத்துக்கு என்ன கேடு என்று கண்டுபிடிக்க முடியாதபோது, அது தீப்பற்றி எரிகிறது என்று ஒரு செய்தி வரும். அதை எழுதியவருடைய நகைச்சுவையிலும் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் படுகிறது.

வங்கிக்கும் யூனிக்ஸுக்கும் உறவு புதிதல்ல. 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை தந்த பிறகு, எண்பதுகளின் கடைசியிலேயே பல கிளைகளில் யூனிக்ஸ் ஓடும் இயந்திரங்கள் வந்து இறங்கின. தொழிற்சங்கங்கள் அவற்றை எதிர்த்ததைப் பற்றி ஓய்வு பெற்றவர்கள் இன்னும் சொல்வார்கள். எங்கள் கிளைக்குப் போன ஆண்டு வந்தவை லினக்ஸ் ஓடும் சிறு பெட்டிகள். பழைய கணினிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பாஸ்புக் அடிக்கும் இயந்திரத்தை மட்டும் அப்படியே விட்டுப் போனார்கள். அது ஒரு 24 ஊசி டாட் மேட்ரிக்ஸ். புதிய பெட்டியுடன் இணைத்தபோது அடிக்கத்தான் செய்தது. முதல் இரண்டு வரியை விழுங்கிவிட்டு, மூன்றாவதை நடு மடிப்பின் தையல் மேல் அடித்தது. பாஸ்புக் அடிப்பதில் உள்ள ஒரே சூட்சுமம் அந்த மடிப்பைத் தாண்டுவதுதான். நாலைந்து பேர் புத்தகம் பாழான பிறகு மேலாளர் அதன் மேல் உறையைப் போட்டு மூடச் சொல்லிவிட்டார்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். இருப்பு எவ்வளவு என்று கைபேசியில் செய்தி வருகிறதே? வாழவந்தி, நாகலூர், வெள்ளக்கடை என்று மலைக்குள் ஒதுங்கிய ஊர்கள் பல. அவற்றில் ஒன்றிலிருந்து (எது என்று சொல்லப் போவதில்லை) வருகிற ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் எங்கள் கிளையில் வரவு. ஏ.டி.எம். அட்டை பேரன் கையில். பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் வரி எண்ணத் தெரியும். மாதத்துக்கு ரெண்டு வரி, பணம் வந்தது ஒன்று, எடுத்தது ஒன்று என்பது அவருடைய கணக்கு. புத்தகத்தை விரித்துக் கட்டை விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்துவார்.

"மூணு மாசமா பணம் வரலைங்கறான் பேரன். வந்துச்சா தம்பி?"

திரையைப் பார்த்துச் சொன்னேன். "மாசாமாசம் வந்திருக்கு பாட்டி. எடுத்தும் இருக்காங்க."

"அவன் வரலைங்கறான். நீ வந்துச்சுங்கற. ரெண்டு பேரும் வாயாலதானே சொல்றீங்க? புஸ்தகம் சொல்லட்டும்."

பேரனைக் குறை சொல்லும் தொனி இல்லை. என்னை நம்பவில்லை என்பதும் இல்லை. இரண்டு வாய்ச்சொற்களுக்கு நடுவில் ஒரு பிரதியைக் கேட்டார், அவ்வளவுதான். பிரதி பிரதி என்று பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அது சுருக்கென்றது. கையால் எழுதிக் கொடுக்கலாமா என்று மேலாளரைக் கேட்டேன். அவர் தயங்கினார். அவர் தயங்கியதும் நியாயம்தான்; கையெழுத்தை யாரும் எழுதலாம்.

இயந்திரம் செய்த கம்பெனிக்கு, இன்ன மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா, இல்லையென்றால் அதன் கட்டளைகளின் பட்டியலையாவது தர முடியுமா என்று கடிதம் எழுதினேன். அந்த மாடலுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது, விவரங்கள் வெளியே தரப்படுவதில்லை என்று இரண்டு வரியில் பதில். தானும் செய்வதில்லை, செய்கிறவனுக்கும் தருவதில்லை.

இந்தப் பதிலுக்கு நீண்ட பாரம்பர்யம் உண்டு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1980-ஐ ஒட்டி எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் அச்சு இயந்திரம் கொடுத்தது. காகிதம் சிக்கிக்கொள்வது அதன் பழக்கம். பழைய இயந்திரத்தில், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கு மூல நிரல் தரப்படவில்லை. அது கையில் இருந்த ஒருவரைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நேரில் பார்த்துக் கேட்டார். தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாக அவர் மறுத்துவிட்டார். 1983-ல் ஸ்டால்மன் ஜி.என்.யு. இயக்கத்தை அறிவித்ததற்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது. சிக்கிய காகிதத்திலிருந்து ஒரு தார்மீகப் பிரச்னை கிளம்பும் என்று யார் நினைத்திருப்பார்கள்? 2007-ல் கிரெக் க்ரோவா ஹார்ட்மன் கம்பெனிகளைப் பார்த்து, விவரத்தை மட்டும் கொடுங்கள், டிரைவரை நாங்கள் இலவசமாக எழுதித் தருகிறோம் என்று அறிவித்தார். கையேந்துகிறவன் கொடுக்கிறவனாகவும் இருக்கிற இந்த விசித்திரம் சிறு பத்திரிகைக்காரர்களுக்குப் புரியும். என்விடியா கம்பெனியை 2012-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபின்லாந்தில் ஒரு மேடையில் நடுவிரல் காட்டித் திட்டியது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் கம்பெனியின் அட்டைகளுக்கு, அது விவரம் தராமலே, வெளியாட்கள் எழுதிய நூவோ என்ற டிரைவர் 2010-லேயே லினக்ஸ் கர்னலுக்குள் வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. திட்டுவதற்குக் கிடைக்கும் விளம்பரம் வேலைக்குக் கிடைப்பதில்லை.

நூவோக்காரர்கள் செய்தது என்ன? கம்பெனியின் சொந்த டிரைவரை ஓடவிட்டு, அது அட்டைக்குச் சொல்வதையெல்லாம் பதிவு செய்து, ஒன்றை மாற்றினால் எது மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆசிரியரிடம் கேட்க வழியில்லை, அகராதி இல்லை, பிரதி மட்டும் இருக்கிறது. பி.ஏ. ஆங்கிலத்தில் இதைத்தானே சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு அசட்டுத் தைரியம் எனக்கு வந்தது.

சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அதே மாடல் இயந்திரம் கிடைத்தது. கணினி விஷயத்தில் எனக்கிருந்த மூலதனம், நான் கல்லூரியில் படித்த காலத்தில் அரசு கொடுத்த மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய திட்டம். விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் அதில் இருந்தன. பாஸ், சென்னையில் சி-டாக் டெபியனிலிருந்து உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. என் சகமாணவர்கள் பாஸை அழித்து அந்த இடத்தில் சினிமாப் படங்களை வைத்துக்கொண்டார்கள். எனக்கு வைரஸ் புகுந்து விண்டோஸ் போனது, பாஸ் மிஞ்சியது. கொள்கையால் அல்ல, சோம்பலால்தான் லினக்ஸ்காரன் ஆனேன்.

அந்த மடிக்கணினி இந்த வேலைக்குத் தாங்கவில்லை. நண்பர் ஒருவரின் கணினியில் லினக்ஸைப் போட்டு, அதற்குள் ஒரு போலிக் கணினியில் விண்டோஸை ஓடவிட்டு, கம்பெனியின் விண்டோஸ் டிரைவர் கம்பி வழியே அனுப்புவதை யு.எஸ்.பி.மான் என்ற கர்னல் வசதியால் ஒட்டுக் கேட்டேன். எண்கள், பக்கம் பக்கமாக எண்கள். 27 வந்தால் அடுத்து வருவது எழுத்தல்ல, கட்டளை. 27, 64 என்றால் எல்லாவற்றையும் மறந்து புதிதாகத் தொடங்கு. எப்ஸன் வகுத்து மற்றவர்களும் கடைப்பிடிக்கிற இந்தப் பொது மொழி புத்தகங்களிலேயே இருக்கிறது. மடிப்புச் சமாச்சாரம் அதில் இல்லை.

ஒரே ஒரு வரியை, ஒரே பாஸ்புக்கில், இடம் மாற்றி மாற்றி அடித்தேன். வெளியே சில்வர் ஓக் மரங்களிலிருந்து இரவெல்லாம் நீர் சொட்டும். மூன்றாவது வாரம்தான் நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. கணினி அனுப்புவதை மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் திருப்பிச் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் விளங்கிவிட்டது. பாஸ்புக்கைச் செருகியதும் இயந்திரம் அதை உள்ளே இழுத்து விளிம்பை அளக்கிறது. விண்டோஸ் டிரைவர் ஒரு கேள்வி அனுப்பி, அளந்தாயிற்று என்ற பதில் வரும்வரை காத்திருக்கிறது. எங்கள் கிளையின் நிரல் கேட்கவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. பதில் வரும் வழி லினக்ஸில் திறந்துதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

நான் எழுதியதை டிரைவர் என்பதும் மிகை. கர்னலுக்குள் இருக்கும் யு.எஸ்.பி. அச்சு டிரைவர் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்கு மேலே உட்கார்ந்து, கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு வரிகளை அனுப்பும் ஐம்பது வரி நிரல், அவ்வளவே. இதைக் கேட்ட கவிஞ நண்பர் "இது விமர்சனமல்ல, மெக்கானிக் வேலை" என்றார். இருக்கலாம். அச்சுப்பிழையைத் திருத்தாமல் கவிதைக்குப் பொழிப்புரை சொல்கிற விமர்சனத்தைவிட மெக்கானிக் வேலை மேல் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அவருடைய தொகுப்புக்கு நான் எழுதியது அப்படித்தான் இருந்தது.

வங்கிக் கணினியில் என் நிரலை ஏற்றுவது முறையல்ல. ஏற்றவில்லை. கண்டதை ஒரு பக்கத்தில் எழுதி மேலாளர் வழியாக அனுப்பினேன், பதில் இல்லை. பழுது பார்க்க வந்த சேலத்து இளைஞரிடம் ஒரு நகல் கொடுத்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்து வாரம் கழித்து அவரே வந்து எதையோ ஏற்றிவிட்டுப் போனார். அதன் பிறகு இயந்திரம் சரியாக அடிக்கிறது. என் காகிதத்தாலா, வேறு வழியிலா என்று அவர் சொல்லவில்லை.

பாட்டி அடுத்த திங்கட்கிழமை வந்தார். ஏழு மாதம் அச்சாகாத புத்தகம். செருகினேன். உள்ளே இழுத்து, ஒரு கணம் நின்று, அடிக்கத் தொடங்கியது. பத்தாவது வரிக்குப் பிறகு மடிப்பைத் தாண்டி அடுத்த பக்கத்தில் ஒழுங்காக விழுந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "மடிப்புல படாம வந்திருக்கு பாருங்க பாட்டி" என்று காட்டினேன்.

அவர் மடிப்பைப் பார்க்கவில்லை. கட்டை விரலை வைத்து எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பதினாலா தம்பி?"

"பதினாலு, பாட்டி."

புத்தகத்தைப் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். அட்டையைப் பேரனிடமிருந்து வாங்கிவிடலாம், வேறு அட்டை போட்டுத் தரலாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.