அப்பாயியின் நம்பர்

மழைக்காலத்தில் எங்கள் லயத்துக் காம்பராவில் புத்தகங்கள் ஊதிப்போகும். தாள்களின் ஓரம் அலையலையாக நெளியும், அட்டைக்கடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும். கொழும்பு மக்கலம் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய சி. ஜே. டேட்டின் புத்தகம் அந்தக் கோலத்தில்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது. தரவுத்தளம் படிக்கிறவர்களுக்கான அறிமுக நூல், 1975இல் முதலில் வந்தது. செங்கல் கனம்.

அதற்கு முன்னால் ஒன்று வாங்கி ஏமாந்திருந்தேன். கொழும்புப் பல்கலைக்கழகம் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது 2000இல். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருந்த எனக்கு அது ஒரு வாசல். ஆனால் எந்தப் புத்தகம் படிப்பது என்று சொல்ல எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. ஹட்டனில் ரயிலேறிப் போய், அட்டை பளபளவென்று இருந்த ஒன்றை எடுத்து வந்தேன். பக்கத்துக்குப் பக்கம் படம், இந்த இடத்தில் இதை அழுத்து என்று. அது டிபேஸ் என்ற மென்பொருளுக்கு எழுதியது. டவுனில் நான் போன வகுப்பிலோ ஆக்சஸ் என்ற வேறொன்று இருந்தது. அந்தப் படங்களில் ஒன்றுகூடத் திரையில் வரவில்லை.

தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்தைப் 'பேர்' என்போம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். அந்தப் புத்தகம் அம்மாவின் நாலு பேர். அட்டை கடிக்க, கூடை சுமந்து மலையேறிய நாலு நாள். அதனால்தான் யாராவது என்னிடம் புத்தகம் கேட்டால் இன்றைக்கும் சட்டென்று பதில் சொல்ல வருவதில்லை.

இரண்டாம் முறை போனபோது அவசரப்படவில்லை. கடையில் நின்றபடியே புரட்டினேன். டேட்டில் ஓர் அட்டவணை கண்ணில் பட்டது. சரக்கு வழங்குகிற ஐந்து பேர்: இருவர் லண்டனில், இருவர் பாரிஸில், ஒருவர் ஏதென்ஸில். அவர்கள் பெயருக்கு முன்னால் எஸ்1, எஸ்2 என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. ஆனால் அந்தப் பக்கத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து ஆட்களின் பதிவேடான செக்ரோல் அது.

விடியற்காலைப் பனிக்குள் பெரட்டுக்களத்தில் நம்பர் கூப்பிடுவார்கள். அப்பாயிக்கு 147. மாரியாயி என்ற அவர் பெயரிலேயே அதே மலையில் மூன்று பேர் கொழுந்தெடுத்தார்கள். நம்பர் இல்லாவிட்டால் ஒருத்தி கொழுந்து இன்னொருத்தி கணக்கில் ஏறிவிடும். எழுத்து வாசிக்கத் தெரியாத அப்பாயி தன் நம்பரை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை.

மறக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. வேலையிலிருந்து நின்று சேமலாப நிதிக்கு எழுதிப்போட்டபோது, செக்ரோலில் மாரியாயி, பிறப்புச் சான்றிதழில் மாரியம்மா, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து. நம் பெயரைக் காதால் கேட்டு இன்னொரு மொழியில் எழுதியவர்கள் வைத்த பெயர்கள். மலையகத்தில் இந்தத் துன்பம் படாத குடும்பம் குறைவு. இரண்டு மழைக்காலம் அப்பா கந்தோருக்கு அலைந்தார். அந்த மூன்று பெயரும் ஒருத்திதான் என்று கடைசியில் காட்டிக் கொடுத்தவை பழைய செக்ரோல் நம்பரும் நிதி அங்கத்துவ நம்பருமே.

டேட் விளக்குவதும் இதே சங்கதிதான், 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையில் பிறந்த முறை. தரவை அட்டவணைகளாக வை, ஒவ்வொரு வரிக்கும் அதை மட்டும் காட்டுகிற ஒரு சாவி கொடு. இதை விளக்குகிற புத்தகம் பழசாவதில்லை. எந்த மென்பொருள் வந்தாலும் போனாலும் டேட் சொன்னது நின்றது.

கணினி எனக்கு வாரத்தில் ஒரு மணிநேரம்தான். மீதி நாளெல்லாம் சிஆர் கொப்பியில் அந்த ஐந்து பேரின் அட்டவணையை வரைந்து, எஸ்க்யூஎல் கட்டளையை எழுதி, எந்த வரிகள் விடையாக வரும் என்று விரலால் தேடுவேன். பயிற்சிக் கேள்வி இல்லாத புத்தகத்தை அதற்குப் பிறகு நான் வாங்கியதே இல்லை. பக்கக் கணக்குக்கும் மயங்குவதில்லை. பிரையன் கெர்னிகனும், சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியும் அந்த மொழி பற்றி எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பு 272 பக்கம்தான். நண்பனிடம் இரவல் வாங்கி அதை மூன்று முறை படித்தேன்.

அக்கா மகள் இப்போது உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுக்கிறாள். அவளுக்கு ரயிலேற வேண்டியதில்லை. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' இலவசமாகப் போனிலேயே இறங்குகிறது. கட்டளைகளை நம் மொழியில் விளக்கும் அந்தப் புத்தகம் அன்று என் கையில் இருந்திருந்தால் அகராதியோடு கழிந்த இரவுகள் பாதியாகியிருக்கும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவிக்கு, எழுதியவர்களே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் 'ப்ரோ கிட்'டைக் காட்டினேன். கருவி மாறிக்கொண்டே இருப்பது, அதற்குக் காசு கொட்டி அச்சுப் புத்தகம் வாங்க வேண்டாம் என்றேன். அம்மாவின் நாலு பேர் அப்போது நெஞ்சில் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களுக்கு ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். பெயர், லயம், எடுத்த கொழுந்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே தலை நிமிர்ந்தாள்.

"மாமா, ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா என்ன செய்றது?"

ஊதிய டேட்டை எடுத்துக் கொடுத்தேன். அது தானாகவே அந்தப் பக்கத்தில் விரிந்தது. எஸ்1, எஸ்2 என்று விரலோட்டிப் பார்த்துவிட்டு, பெயருக்கு இடப்பக்கம் புதிதாக ஒரு கோடு கிழித்தாள்.

"பூட்டிக்கு என்ன நம்பர்?"

சொன்னேன். முதல் வரியில் எழுதிக்கொண்டாள்.