மௌனம் தண்டனையா?

ஆரம்பப் பள்ளி ஆசிரியைகள் ஒரு நாளில் அதிகமாகச் சொல்லும் சொல் "பேசாதே!" என்பதுதான். உதட்டில் விரல் வைத்து உட்காருவது நம் குழந்தைகளுக்கு ஒரு தண்டனை. செபமோ எப்போதும் உரத்த குரலில்தான். காலை வழிபாட்டில் ஒருமிக்கச் சொல்லி முடித்து, மணியடித்ததும் வகுப்புக்கு ஓடுகிறோம். கூடிச் செபிப்பது நன்றே. ஆயினும் ஒரு சிறுமி தன் மனத்திலுள்ளதைத் தானே ஆண்டவரிடம் சொல்ல, பள்ளியில் நாம் ஓர் இடம் விட்டிருக்கிறோமா?

நம் கடற்கரையில் இது வெறும் கேள்வியன்று. தந்தை கடலில் இருக்க, பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதென்று கேட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறாள் ஒருத்தி. இலங்கைக் கடற்படையினர் படகைப் பிடித்துச் சென்ற செய்தியோடு வருகிறாள் மற்றொருத்தி. வீட்டிலே உறவினர் கூட்டமும் அழுகையும். பள்ளியிலே ஏழாம் வாய்ப்பாடு. பாவம், அவள் எங்கே போய் அழுவாள்?

இதை எண்ணித்தான், மாடிப்படியின் கீழே உடைந்த பெஞ்சுகள் கிடந்த இடத்தைக் காலி செய்து வெள்ளையடித்தோம். இரண்டு பனையோலைப் பாய்கள், தாழ்ந்த பலகைமேல் மாதா சுரூபம், ஓர் அகல்விளக்கு, குழந்தைகள் பொறுக்கி வந்த சிப்பிகளும் சோழிகளும். அவ்வளவே. "கெபிதான் இருக்கிறதே, இது எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்டனர். கெபி அழகானது, ஆனால் விளையாட்டுத் திடலை ஒட்டி, எல்லார் கண்ணும் படும் இடத்தில் அல்லவா இருக்கிறது!

அங்கே மூவருக்கு மேல் அமரக்கூடாது. வெளியே வருபவளிடம் "என்ன செபித்தாய்?" என்று எவரும் கேட்கக்கூடாது. குறும்பு செய்தவளைத் தண்டனையாக ஒருபோதும் அங்கு அனுப்பக்கூடாது. மூன்றாவதில் நான் பிடிவாதமாக நின்றேன்.

இந்தப் பிடிவாதத்திற்கு ஊக்கம் தந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-இல் ரோமை நகரில் ஏழைச் சிறுவர்க்கென முதற்பள்ளியைத் தொடங்கியவர், கத்தோலிக்கர். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். ஒருநாள் அவர் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்பறைக்குள் தூக்கி வந்து, அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று காட்டினாராம். பிள்ளைகள் தாங்களும் அப்படியே இருக்க முயன்று, மூச்சுச் சத்தத்தையும் அடக்கிக்கொண்டனராம்! பின்பு அவர் மறைவில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் மெல்லக் கிசுகிசுப்பார்; அழைக்கப்பட்ட குழந்தை ஓசையின்றி எழுந்து வரும். அதட்டலால் வந்த அமைதி அன்று அது.

நம் மூன்றாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். முதல் நாள் ஒரே சிரிப்பு. நான்காம் நாள், கொண்டல் காற்றில் தென்னங்கீற்று அசையும் ஓசை கேட்டதென்றாள் ஒருத்தி. மாடிப்படி மூலையிலும் தொடக்கத்தில் சிப்பிகளை எண்ணவே பலர் போனார்கள். எண்ணட்டும் என்று விட்டுவிட்டோம். இப்போது இஸ்லாமியச் சிறுமிகள் கைகளை ஏந்தி அமர்கிறார்கள். இந்துச் சிறுமிகள் கைகுவித்து அமர்கிறார்கள். இத்தீவில் அது புதுமையும் அன்று.

ஓரியூர்த் திருவிழாவையொட்டிப் புனித அருளானந்தரின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். லிஸ்பனில் பிறந்து, மறவ நாட்டில் மறைபணி புரிந்து, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர் துறந்தவர். "சிறையிலே அவருக்குச் செபிக்க இடம் இருந்ததா டீச்சர்?" என்றாள் ஒரு சிறுமி. மை கூட இல்லாத சிறை அது. கரியை நீரில் குழைத்தே தம் கடைசிக் கடிதத்தை எழுதினார் என்றேன். அவள் சற்றுநேரம் யோசித்து, "அப்போ எங்க அப்பாவுக்கும் இருக்கும்" என்றாள். அவள் தந்தை அப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார்.

வரும் ஆண்டில் ஒன்றாம் வகுப்பினர்க்கும் ஓர் இடம் வேண்டும். படியின் கீழ் பெரிய பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை. நூலக அறையின் கிழக்கு மூலையைத் தலைமை அருட்சகோதரி ஒதுக்கித் தந்துள்ளார்கள். பாய் முடைந்து தருவதாக ஒரு தாயார் சொல்லியிருக்கிறார். சிப்பிகளுக்குக் குறைவில்லை.