நிறுத்தத் தெரிந்த கை

தை மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் போனால் தோப்புக்குத் தோப்பு மா பூத்து நிற்கும். தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் இறங்குவது அப்போதுதான். மருந்தடிக்கும் குழுக்களுக்கும் அதுவே வேலைக்காலம். பெங்களூரா மாந்தோப்பு ஒன்றில், அப்படியொரு குழுவோடு ஒரு காலைப்பொழுது இருந்தேன்.

பொழுது விடியும்போதே டிராக்டரில் இருநூறு லிட்டர் டிரம்மும் பம்பும் வந்துவிட்டன. அன்று சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் டிரம்முக்கு 400 கிராம். குழுவின் மேஸ்திரி அதை அப்படியே கொட்டவில்லை. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் ஊற்றினார். களைக்கொல்லிக்குத் தனி டிரம், தனி ஓஸ்; அதில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். கழுவிய டிரம்மில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்சக் களைக்கொல்லிகூடக் கொழுந்தைச் சுருட்டிவிடும்.

போன வாரம் வேறு யாரோ அடித்த மரம் ஒன்றைக் காட்டினார். இலை நுனிகள் கருகியிருந்தன.

“இது பூச்சி வேலைன்னு நெனச்சு மறுபடியும் அடிப்பாங்க சார். பூச்சின்னா இங்கொண்ணு அங்கொண்ணா இருக்கும். மருந்து சுட்டா ஓஸ் நின்ன பக்கம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். அளவுக்கு மேல நனைச்சா தண்ணி நுனிக்கு எறங்கி அங்கயே காயும். அங்கதான் சுடும்.”

அவர் கை மரத்தைச் சுற்றிக்கொண்டே போனது. இலை நனைந்து, சொட்டுவதற்கு முன் தெளிப்புத் துப்பாக்கி அடுத்த கிளைக்கு நகர்ந்தது. தத்துப்பூச்சி பட்டை இடுக்கில் ஒளியும் என்பதால், அதற்கு அடிக்கும் நாளில் அடிமரத்தையும் விடமாட்டாராம். புது மருந்தென்றால் ஒரே ஒரு கிளையில் அடித்து, சில நாள் பார்த்த பிறகே தோப்பில் இறங்குவாராம். வேப்பெண்ணெய் அடித்த மரத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குக் கந்தகம் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

தோப்பின் கீழ்க்கோடியில் பூ முழுக்க விரிந்திருந்தது. ஈக்களும் தேனீக்களும் மொய்த்தன. அந்த வரிசைகளைத் தொடாமல் விட்டார். ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் காயாக நிற்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தச் சொற்பத்தையும் தருவது இந்த ஈக்களும் தேனீக்களும்தான்.

வெயில் ஏறியதும் பம்பை நிறுத்தினார். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் கந்தகமே பூவைச் சுடும். பாதித் தோப்பு மீதமிருந்தது. அவருக்குக் கூலி டிரம் கணக்கில்தான். நிறுத்தினால் நட்டம் அவருக்கே. முகத்தில் கட்டிய துண்டை அவிழ்த்து, சோப்புப் போட்டுக் கைகால் கழுவியபடி, “மரம் பொழச்சாத்தானே சார் அடுத்த வருசம் நம்மளக் கூப்பிடுவாங்க” என்றார்.

எவ்வளவு ஊற்றினாய் என்று எண்ணித் தரும் கூலி, வெயிலிலும் விரிந்த பூவிலும் அடிக்கச் சொல்லித் தூண்டும் கூலி. மரம் கருகக் கூடாது என்று நினைக்கும் தோப்புக்காரர் நாள்கூலி பேசட்டும். எப்போது அடிப்பது, எங்கே விடுவது என்ற முடிவை மேஸ்திரியிடம் கேட்டுச் செய்யட்டும். மருந்துக் கடையில் கிடைக்காத அறிவு அது. அதற்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்க வேண்டும்.