மீன்கள் தேர்ந்தெடுக்கும் கரை

மாத்தளை நகரிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரை வரும். கி.மு. முதலாம் நூற்றாண்டில் நாட்டைக் கடும் பஞ்சம் வாட்டியது. அதன் பின்னர் வலகம்பா மன்னன் காலத்தில், வாய்வழியாக வந்த திரிபிடகம் இங்குள்ள கற்குகைகளில் ஓலைகளில் எழுதப்பட்டது என்பது வரலாறு. பஞ்சத்தில் துறவிகள் மடிந்தால் அவர்கள் மனனம் செய்ததும் அவர்களோடு மறைந்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர்.

இப்பகுதி மாதர் குழுக்களைச் சந்திக்கும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இந்த வாரம் எத்தனை நாள் மீன் சமைத்தீர்கள்?" 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "கடல் மீன் விலை கட்டுப்படியாகாது மிஸ். குளத்து மீன் வந்தால் வாங்குவோம்."

அந்தக் குளத்து மீன் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்க்க, ஓர் ஆவணி மாத ஞாயிறன்று ஆறு பெண்களுடன் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினேன். நாலந்தாவில் இறங்கி உள்ளே நடந்தால் நீர்த்தேக்கம் தெரியும். அதன் ஓரத்தில் தென்னிந்தியப் பாணியில் அமைந்த 'நாலந்தா கெடிகே' என்ற பழைய கற்கட்டடம் உள்ளது. நீர்த்தேக்கம் அமைத்தபோது மூழ்காதிருக்க, அதைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் கட்டினார்கள்.

கோடையில் நீர் வற்றியிருந்தது. ஈரம் காயாத கரையில் வட்டவட்டமாகக் குழிகள். சில சாப்பாட்டுத் தட்டளவு, சில சுளகளவு. "மாடு மிதித்த தடமா?" என்று ஒரு அக்கா கேட்டார். இல்லை. அவை திலாப்பியா மீன்களின் கூடுகள்.

ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நமது உள்நாட்டு மீன்பிடியில் அதற்கே பெரும் பங்கு. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்குப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்துக் குளத்தில் விடவேண்டும். திலாப்பியாவோ குளத்திலேயே தானாகப் பெருகும். ஏழையின் தட்டுக்கு அது எட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கண்ட இடத்தில் அது கூடு அமைப்பதில்லை. கரை மெல்லச் சரிந்திருக்க வேண்டும். முழங்காலளவு, இடுப்பளவு ஆழம் போதும். வெயில் அடிவரை இறங்கி நீரை வெதுவெதுப்பாக்கும். அடியில் மணலோ இறுகிய மண்ணோ வேண்டும். நீரோட்டம் கூடாது. "நம்ம சுது கங்கையில் ஏன் இப்படிக் குழிகளைக் காணோம்?" என்று இன்னொருவர் கேட்டார். அங்கே கல்லும் ஓட்டமும் அதிகம். தோண்டிய குழி நிலைக்காது.

கூடு தோண்டுவது ஆண் மீன். அப்போது அதன் உடல் கறுத்து, தொண்டை வெளுத்திருக்கும். பல ஆண்கள் பக்கம்பக்கமாகக் குழி தோண்டிக் காத்திருக்க, பெண் மீன் வந்து ஒன்றைத் தேர்ந்து முட்டையிடும். உடனே அம்முட்டைகளைத் தன் வாயில் அள்ளிக்கொண்டு அகன்றுவிடும். சில நாட்களில் வாய்க்குள்ளேயே குஞ்சு பொரிக்கும். வெளியே விட்ட பின்பும் ஆபத்து வந்தால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடிவரும். இரண்டு, மூன்று வாரம் வரை தாய் சரியாக இரை தின்பதில்லை. இதைச் சொன்னபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு வெறும் சோற்றுடன் எழுந்திருப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

எல்லா மீனும் இப்படியல்ல. வட அமெரிக்கக் குளங்களில் வாழும் சன்ஃபிஷ் மீனும் ஆழமற்ற நீரில் வாலால் குழி கூட்டும். ஆனால் முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பது தந்தை. நம் நாட்டுப் பூர்வீக மீனான கொறளியா, நீரில் மூழ்கிய கல்லிலோ கட்டையிலோ முட்டையை ஒட்டிவைக்கும். தாயும் தந்தையும் சேர்ந்தே காக்கும். வழிகள் வேறாயினும் இவை யாவும் நாடுவது கரையோரத்தையே. வாயிலிருந்து விடப்பட்ட திலாப்பியாக் குஞ்சுகள் வளர்வதும் அங்குதான்.

ஆகவே கரையைக் கெடுத்தால் மீன் குறையும். வயலுக்காக நீரை வேகமாகத் திறந்துவிட்டால் கூடுகள் கரையேறிவிடும். கல்லில் ஒட்டிய முட்டை காய்ந்துபோகும். அடியைத் துடைத்து இழுக்கும் வலை கூட்டையும் குஞ்சையும் அழிக்கும். இங்கே வலைக்கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று விதி இருப்பது, மீன் ஒருமுறையாவது இனம் பெருக்கிய பின் பிடிபடட்டும் என்பதற்காகவே. 1990 முதல் 1994 வரை உள்நாட்டு மீன்பிடிக்கு அரச ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தபோது கண்காணிப்பு தளர்ந்து, சிறுகண் வலைகள் பெருகின. பின்னர் 1999இல் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது.

சகோதரிகளே, குளக்கரையை நாளாந்தம் பயன்படுத்துவோர் நாம். நமக்கும் சில கடமைகள் உண்டு. கூடுகள் தெரியும் இடத்தை விட்டு ஒதுங்கிக் குளியுங்கள். சவர்க்கார நீரை நேரே குளத்தில் விடாதீர்கள். பிள்ளைகள் விளையாட்டாகக் குஞ்சுகளை அள்ளினால் தடுத்து, காரணத்தைச் சொல்லுங்கள். சந்தையில் உள்ளங்கையளவுகூட இல்லாத திலாப்பியாவை வாங்காதீர்கள். வாங்குபவர் இல்லையேல் சிறுகண் வலைக்கும் வேலையில்லை.

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் குளத்து நீரை எப்போது திறப்பது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி முடிவெடுக்கின்றனர். குளத்தை அண்டி வாழும் பெண்கள் அக்கூட்டத்துக்குச் சென்று, நீரைப் படிப்படியாக இறக்கும்படி கேட்கலாம். வயலுக்கு நீர் வேண்டும், மறுப்பதற்கில்லை. அந்த நெல்லைச் சோறாக்கும்போது பக்கத்தில் ஒரு துண்டு மீனும் வேண்டும் அல்லவா?