வைகைக் கரையில் கட்டுச்சோறு

சித்திரை வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறீர்களா? ஒரு தடவை மதுரைக்கு வந்து பாருங்களேன்! சித்திரா பௌர்ணமியையொட்டி, விடியற்காலையில் கள்ளழகர் தங்கக் குதிரையில் ஏறி வைகையில் இறங்கும் அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

அழகர்கோவிலிலிருந்து மதுரை வரை சுமார் 20 கிலோ மீட்டரும் மண்டகப்படிகள்தான். தென்னங்கீற்றுப் பந்தல், வாழை மரம், மாவிலைத் தோரணம்! இதைவிட வேறு என்ன அலங்காரம் வேண்டும்? பந்தலுக்குப் பந்தல் நீர்மோரும் பானகமும் தருவார்கள். பெண்கள் சொம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் ஏற்றி அழகரை வரவேற்பார்கள். துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைக் கண்டால் குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்!

கட்டுச்சோற்றுக்குப் புளியோதரைதான் கைகொடுக்கும். சாதத்தை நன்றாக ஆறவிட்டு, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் கிளறுங்கள். தயிர்சாதத்துக்குப் பால் நிறையச் சேர்த்து, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் விட்டால் சீக்கிரம் புளிக்காது. தேங்காய்ச் சாதம் வேண்டவே வேண்டாம். இந்த வெயிலுக்கு ஊசிப் போய்விடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இரண்டு பேர் உயிரிழந்தார்கள். கைக்குழந்தைக்காரர்கள் ஆற்றுக்குள் முண்டியடிக்க வேண்டாம். ஏதாவது ஒரு மண்டகப்படியில் நின்றாலே அழகரை நிதானமாகச் சேவிக்கலாம். பெரிய பிள்ளைகளின் சட்டைப்பையில் டெலிபோன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரக் காட்சி. பிள்ளைகளுக்குப் பகலிலேயே பத்து அவதாரக் கதையையும் சொல்லி வையுங்கள். அப்புறம் பாருங்கள், தூக்கமாவது ஒன்றாவது!