இருநூற்றுப் பதினான்காவது பை

எண்ணுகிறவள் பேசக் கூடாது. பேசினால் கணக்குத் தப்பும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தேங்காய் எண்ணும் வேலை எப்போதும் என்னிடமே வந்து சேர்வதற்குக் காரணம் அதுதான். என் வாயை நாலு மணி நேரம் மூடி வைக்க மதினிக்கு வேறு வழி தெரியாது.

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. மதுரை செல்லூரில் அண்ணன் வீட்டு மொட்டை மாடி. புதன்கிழமை முகூர்த்தம். சாயங்காலம் ஆறு மணிக்கும் தரை கொதித்தது. நாலு குடம் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, பாயை விரித்து உட்கார்ந்தோம். நடுவில் சாக்குச் சாக்காகக் குடுமித் தேங்காய். பக்கத்தில் மஞ்சள் பைக் கட்டுகள், பொண்ணு மாப்பிள்ளை பெயர் சிவப்பில் அச்சடித்தவை. பைக்கு ஒரு தேங்காய், ஒரு பாக்குப் பொட்டலம், ஒரு மஞ்சள் குங்குமப் பொட்டலம். வெற்றிலையை இப்போதே வைத்தால் புதன்கிழமைக்குள் அவிந்துபோகும், அது செவ்வாய் ராத்திரிதான் சோழவந்தானிலிருந்து வரும். மொத்தம் நானூறு பை. பத்துக்கு ஒரு கோடு என்று அழைப்பிதழ் உறையின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டு நான் சுவரோரமாக இருந்தேன்.

என் எதிரே நாலு பேர். கல்யாணப் பொண்ணு, அவளோடு கல்லூரியில் படித்த மூன்று பேர். ஒருத்தி வங்கியில் நகைக் கடன் பார்க்கிறவள். தேங்காயைக்கூட உள்ளங்கையில் வைத்து எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் விடுகிறாள். இன்னொருத்திக்கு ஏழு மாசம். அவளுக்கு மட்டும் நாற்காலி, பையின் வாயை விரித்துப் பிடிப்பது அவள் வேலை. மூன்றாமவள் அன்று காலையில் குரூப் 4 எழுதிவிட்டு நேராக இங்கே வந்தவள். 6,244 இடத்துக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்த பரீட்சை அது. விடைத்தாளில் ரேகை வைத்த மை இடது கட்டைவிரலில் இன்னும் போகவில்லை. வியர்வையில் கசிந்து, அவள் எடுத்துக் கொடுத்த பைகளில் அங்கங்கே நீலமாக ஒட்டியது. மங்கலப் பையில் மைக்கறையா என்று மதினி பார்த்திருந்தால் ஆடித் தீர்த்திருப்பாள். நான் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன் அல்லவா?

முந்தின நாள் ராத்திரிதான் 'எதிர்நீச்சல்' முடிந்திருந்தது.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. நன்றாகப் படித்த பெண்களாகத் தேடிப் பிடித்து வீட்டு மருமகளாக்கி, அடுப்படிக்குள் அடைத்து வைக்கும் ஆதி குணசேகரன் என்ற மூத்தவன், அவனை எதிர்த்து நிற்கும் ஜனனி, நந்தினி முதலான நாலு மருமகள்கள். இதுதான் கதை. 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கியது. எடுத்தவர் திருச்செல்வம். 'கோலங்கள்' எடுத்து ஆறு வருஷம் எங்கள் தலைமுறையை ஒன்பது மணிக்கு முன் சோறாக்க வைத்தவரும் அவரேதான்.

"என்னாடி இது, இப்படி முடிச்சுப்புட்டாய்ங்க?" என்று ஆரம்பித்தவள் நகைக்கடன்காரி. "ரெண்டேகால் வருசம்டி. கரண்டு போனாலும் போன்ல பார்த்தேன். கடைசில லீவு லெட்டர் எழுதுற மாதிரி நாலு வரில முடிச்சுட்டாய்ங்க."

"மாரிமுத்து போனப்பவே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஓட்டுனதெல்லாம் சும்மா" என்றாள் ஏழு மாசக்காரி.

நெஞ்சைப் பிடித்துக்கொள்வதுபோல் கையை வைத்தே சொன்னாள். 2023 செப்டம்பர் 8. குணசேகரனாக நடித்தவர் மாரிமுத்து. டப்பிங் பேசப் போன மனிதர் திரும்பி வரவில்லை. தேனிப் பக்கத்துக்காரர். அன்று எங்கள் தெருவில் அவருக்காக அழுத பெண்கள் எல்லாரும், முந்தின நாள் வரை அவரைக் கரித்துக் கொட்டியவர்கள்தாம். 'இந்தாம்மா ஏய்' என்று அவர் கூப்பிட்ட தோரணையில் தம் வீட்டு ஆம்பளை ஒருவரையாவது அடையாளம் காணாத பெண் மதுரையில் உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"அதுக்காக அவருக்குப் பதிலா வந்த வேல ராமமூர்த்தியைக் குறை சொல்லாதடி" என்று பரீட்சைக்காரி குறுக்கே வந்தாள். "எழுத்தாளரு. 'குற்றப் பரம்பரை' எழுதுனவரு. பெருநாழிக்காரரு."

"இதெல்லாம் இன்னைக்குக் கேட்டாய்ங்களா?"

"கேட்டிருந்தா நான் பாஸாயிருப்பேனே."

எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணப் பொண்ணு சிரிக்கவில்லை. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் ஆட்டினாள். ஒரு பையில் அழுகல் தேங்காய் போய்விட்டால் வாங்கினவர்கள் என்ன சொல்வார்கள் என்று மதினி காலையிலிருந்து மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. ஆட்டி முடித்ததும் குடுமியிலிருந்து ஒரு நாரை உருவுவாள். அதை நகத்தால் இரண்டாகக் கிழிப்பாள். இரண்டை நாலாக்குவாள். கிழித்துக் கிழித்து மடியோரத்தில் ஒரு குருவிக்கூடு அளவுக்குச் சேர்ந்துவிட்டது. அதன் மேல் கைபேசி, திரை கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்தது. அது உறுமும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பாள், கவிழ்ப்பாள், அடுத்த தேங்காயை எடுப்பாள்.

கீழேயிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு குரல். ஆரி வேலை செய்த ரவிக்கை கையில் இரண்டு விரல் பிடிக்கிறது, தையல்காரம்மா நாளைக்குத்தான் பிரித்துத் தருவாராம். ஒப்பனைக்காரப் பெண் மீதிப் பணத்தை இன்றே அனுப்பச் சொல்கிறாளாம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதினைந்து பேர் கூட வருவார்களாம். மதினி ஒரு வாரமாகக் காலண்டர் முன்னால் நின்று விரல் மடக்கிக்கொண்டிருக்கிறாள். எந்தத் தேதிக்காக என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை வாங்கியாகிவிட்டது. அந்த மாத்திரை தலைவலியைக் கொடுக்கிறது என்று பொண்ணு சொன்னதை மதினி கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டாள்.

அண்ணன் கதை தனி. மே மாதம் பவுன் 55,000-ஐத் தொட்டபோது, இனி இறங்காது என்று பதறிப்போய் இருபது பவுன் எடுத்தார். ஜூன் 8-ஆம் தேதி ஒரே நாளில் பவுனுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் சறுக்கியது. வாங்கின விலைக்கும் சனிக்கிழமை விலைக்கும் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம், வீடியோக்காரருக்குப் பேசிய தொகை. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மாடியில் விவாதம் சூடு பிடித்தது. குணசேகரனுக்கு இந்தத் தண்டனை போதுமா போதாதா என்று ஒரு சுற்று. அப்பத்தாவின் நாற்பது சதவீதச் சொத்து என்ன ஆனது என்று ஒரு சுற்று. "அதுக்கு டாக்குமென்டு எங்கடி? எங்க பேங்க்ல இப்படிக் கேட்டா உள்ளேயே விட மாட்டோம்" என்றாள் நகைக்கடன்காரி, நிஜமான கோபத்தோடு. மதினி நன்னாரி சர்பத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். "முடிஞ்சு போன கருமத்தை இன்னுமா பேசிக்கிட்டு இருக்கீங்க? கை நடக்கட்டும்" என்று அதட்டினாள். பிறகு தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டே, "இருந்தாலும் அந்த நந்தினிய இன்னுங் கொஞ்சம் நல்லாக் காட்டிருக்கலாம்" என்று தொடங்கி, டம்ளர்கள் வேர்த்து ஒழுகும் வரை நின்றாள். கீழே போகும்போது திரும்பிப் பார்த்து என்னிடம், "எண்ணிக்கிட்டுத்தான இருக்க?" என்றாள். தலையாட்டினேன்.

கீழே கூடத்தில் ஆண்கள். டெல்லியில் பிரதமர் பதவியேற்பு நடந்துகொண்டிருந்தது. நடுநடுவே நியூயார்க் மழையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இந்தியா பாகிஸ்தான் ஆட்டம். மழை விட்டு ஆட்டம் தொடங்கி, விக்கெட் விழ விழ, கீழேயிருந்து எழுந்த ஓலத்தைக் கேட்டால் வீட்டில் என்னவோ நடந்துவிட்டது என்று அக்கம்பக்கம் ஓடி வந்திருக்க வேண்டும். இந்தியா 119-க்குச் சுருண்டது. 'ஏன் இவனை அனுப்பினான், ஏன் அவனை அனுப்பவில்லை' என்று அவர்கள் கத்தினார்கள். அந்தக் கருமத்தை இன்னுமா பேசுகிறீர்கள் என்று அவர்களிடம் போய் யாரும் கேட்கவில்லை. சர்பத் மட்டும் போயிற்று.

பொண்ணு அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. இருநூற்றுப் பத்துக்கு நான் கோடு போட்டேன். இருநூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

"ஏன்டி, வந்ததுல இருந்து அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னே பேசுறீங்க?" என்றாள் திடீரென்று. "மறுநா காலைல அந்த வீட்ல காப்பி யாரு போட்டா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"யாராச்சும் ஒருத்தி போட்டிருப்பா" என்றாள் பரீட்சைக்காரி.

"அதான். அத ஏன் காட்டல?"

"காப்பி போடுறதக் காட்டுனா எவடி பாப்பா?"

"நான் பாப்பேன்." குரல் ஏறிவிட்டது. கையில் இருநூற்றுப் பதினான்காவது தேங்காய். "வேலைக்குப் போவோம், தொழில் பண்ணுவோம்னு ரெண்டு வருசமாக் கத்துனாளுகல்ல? போனாளுகளா இல்லையா? அதுக்கு ஒரு பதில் வேணாமா? சரின்னு ஒரு மெயில் வந்துச்சா, வரலையா?"

"எந்த மெயிலு?" என்றாள் பரீட்சைக்காரி. "சீரியல்ல ஏதுடி மெயிலு?"

பொண்ணு வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். தேங்காயைக் காதோரம் கொண்டுபோய் ஆட்டினாள். ஏற்கெனவே ஆட்டிப் பார்த்த தேங்காய் அது.

எனக்குத் தெரியும். நிச்சயத்தன்று மதினி சம்பந்தியம்மாவிடம், பொண்ணு வேலை விஷயம் என்று இழுத்தபோது நான் பக்கத்தில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொண்ணுக்கு மதுரையில் கம்ப்யூட்டர் வேலை, மாப்பிள்ளை வீடு கோவையில். மாற்றல் கேட்டு எழுதிப்போட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. வராவிட்டால் என்ன என்பதுதான் மதினியின் கேள்வி. "அதெல்லாம் கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார் அந்தம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழில் இதைப் போல வழுக்குகிற வார்த்தை இன்னொன்று கிடையாது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் சம்மதம், இல்லை என்றால் இல்லை, சொன்னவர் மேல் பழி வராது. என்னிடமும் ஒருவர் 1991-இல் சொன்னார், நான் பி.எட். சேருவதைப் பற்றி. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஏழு மாசக்காரி நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி மெதுவாக எழுந்தாள். "கால் மரத்துப்போச்சுடி. கொஞ்ச நேரம் நீ இதுல உக்காரு, நான் நிக்கிறேன்" என்றாள். கால் மரத்துப்போனவள் போல அவள் நிற்கவில்லை. பொண்ணு மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தாள். எழுந்தபோது மடியோர நார்க்கூடு சரிந்து பாயெல்லாம் பரவியது, கைபேசியும் விழுந்தது. நகைக்கடன்காரி அதை எடுத்தாள். திரையைப் பார்க்காமலே தன் சேலைத் தலைப்பில் துடைத்துப் பொண்ணின் கையில் வைத்தாள்.

"மெயிலுதான்டி!" என்று பரீட்சைக்காரியிடம் திரும்பிக் கத்தினாள் பிறகு. "ரெண்டு வருசம் பார்த்தவளுக்கு ஒரு மெயிலாச்சும் போட்டுச் சொல்லிட்டு முடிச்சிருக்கணுமா இல்லையா? டைரக்டரச் சொல்றேன்." பரீட்சைக்காரி ஒரு கணம் விழித்தாள். பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் அந்த இயக்குநரை, சேனலை, விளம்பரக்காரர்களை, ஒன்பதரை மணியை, ஒருவர் விடாமல் கிழித்தார்கள். நாற்காலியில் இருந்தவள் முதலில் தலையைக் குனிந்திருந்தாள், பிறகு ஒரு வார்த்தை சேர்த்தாள், பிறகு எல்லாரையும்விடக் கேவலமாக ஒரு வார்த்தை சொன்னாள். நாலு பேரும் சாக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவள் அப்பாவுக்கு மூத்த தங்கை நான் அங்கே இருப்பதை அவர்கள் மறந்தே போயிருந்தார்கள்.

உறையைப் பார்த்தேன். இருபத்தொரு கோடு. அதற்கப்புறம் எத்தனை பை கட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து இருக்கலாம், இருபதும் இருக்கலாம். குத்துமதிப்பாக இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

பத்து மணி தாண்டி, கடைசிச் சாக்கை உதறியபோது பொண்ணு கேட்டாள்: "அத்தை, எத்தனை ஆச்சு?"

"நானூறு."

அன்று அந்த மாடியில் நான் பேசியது அது ஒன்றுதான், அதுவும் பொய். நள்ளிரவு தாண்டி இந்தியா ஆறு ஓட்டத்தில் ஜெயித்துவிட்டது. கீழே ஆண்கள் போட்ட கூச்சலில் மதினி எழுந்து வந்து நாலு வார்த்தை விட்டாள். புதன்கிழமை தாலி ஏறியது, ரவிக்கை பிடிக்கவில்லை. பந்தி முடிந்தபோது ஏழு பை மிஞ்சியது. ஒன்றை நான் எடுத்து வந்தேன், அடிமூலையில் அரை ரேகை நீலமாக இருந்தது.

அதே வருஷம் டிசம்பர் 23-ஆம் தேதி, முடிந்து போன தொடர் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி ஆரம்பித்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோவையிலிருந்து போன்.

"அத்தை, பார்த்தீங்களா? ஜனனிய மாத்திட்டாய்ங்க!"

பின்னால் குக்கர் சீறியது. பாத்திரம் உருளும் சத்தம், யாரோ எதையோ கேட்கும் சத்தம். நல்லா இருக்கியா என்றேன். இருக்கேன் என்றாள். சரி, கேட்டுவிடுவோம் என்று, "ஏம்மா, அந்த மெயிலு..." என்று எடுத்தேன்.

"இருங்கத்தை, விசில் எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.